ஒரே வீரன், இரண்டு கம்ப்யூட்டர்: சேவ் பைலை மாற்றும்போது என்ன நடக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக் கொள்ளும் மூன்று சொற்கள் காப்பி, கட், பேஸ்ட். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த மூன்றையும் சரியாகப் புரிந்து கொள்ளாததால் 2015-ஆம் ஆண்டில் என் தம்பியை அழ வைத்தேன். அந்தக் கதையைச் சொல்லி, கேம் ஒன்றில் நீங்கள் வளர்த்த வீரனை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பத்திரமாக மாற்றுவது எப்படி என்று இங்கே பார்ப்போம். கேம் விளையாடாதவர்களும் படிக்கலாம். உங்கள் போட்டோக்களுக்கும் கணக்குப் பைல்களுக்கும் இதே விதிகள்தான்.

முதலில் ஒரு விளக்கம். ரோல் பிளேயிங் கேம் என்பது கார் ஓட்டுவது, சுடுவது போன்ற பத்து நிமிட விளையாட்டு அல்ல. நீங்கள் ஒரு பாத்திரத்தை உருவாக்கிப் பெயர் வைக்கிறீர்கள். அவன் பல மாதங்கள் ஊர் ஊராகச் சென்று சண்டையிட்டு, பொருள் சேர்த்து, திறமை வளர்த்துக் கொள்கிறான். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அவனுடைய நிலை ஒரு பைலில் எழுதப்படுகிறது. இதுதான் சேவ் பைல்.

எங்கள் வீட்டு வீரன்

எங்கள் வீடு கடலூரில். நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி இஞ்சினியரிங் படித்துக் கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் 2006-இல் வெளியான "தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்ளிவியன்" என்ற கேமை நானும், எட்டாம் வகுப்பு படித்த தம்பியும் சேர்ந்து விளையாடினோம். எங்கள் வீரனுக்குக் கடம்பன் என்று பெயர்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, அக்டோபர் 25 அன்று விடுதிக்குக் கிளம்பும்போது, அறை நண்பனின் லேப்டாப்பில் விளையாடுவதற்காகக் கடம்பனைப் பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துச் சென்றேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் கடம்பன் அப்படியே இருந்தான். தம்பி அங்கே விளையாட்டைத் தொடர்ந்தான். நான் விடுதியில் தொடர்ந்தேன். ஒரே பெயர், ஒரே முகம், அக்டோபர் 25 வரை ஒரே வாழ்க்கை. அதன் பிறகு இரண்டு பேர்.

தம்பியின் கடம்பன் அரங்கச் சண்டைகளில் ஒவ்வொருவராக வென்று, கடைசியில் மாபெரும் சாம்பியன் பட்டமும் பெற்றான். என்னுடைய கடம்பன் மந்திரவாதிகள் சங்கத்தில் சேர்ந்து ஊர் சுற்றிக் கொண்டிருந்தான்.

நவம்பர் 9, தீபாவளிக்கு முதல் நாள். கடலூர் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட அந்த மழையை எங்கள் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. சி.பி.யு. தரையில்தான் இருந்தது. பிறகு எத்தனை நாள் உலர்த்தியும் ஹார்ட் டிஸ்க் உயிர் பெறவில்லை.

உயிர்களும் வீடுகளும் போன மழையில் ஒரு கேம் போனது பெரிய விஷயம் இல்லைதான். ஆனாலும் சில மாதங்கள் கழித்து வேறொரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியதும், தம்பியைக் கூப்பிட்டுப் பெருமையாக என் பென் டிரைவைச் செருகினேன். "பார்த்தியா, கடம்பனைக் காப்பாத்திட்டேன்!" என்றேன். தம்பி ஆவலுடன் உட்கார்ந்து அரங்கத்திற்குப் போனான். அங்கே யாருக்கும் கடம்பனைத் தெரியவில்லை. பட்டமும் இல்லை.

"அண்ணா, அவன் ஜெயிச்சது அவனுக்கே தெரியாதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "திரும்ப ஜெயிச்சா போச்சு" என்றேன். "இது அவன் இல்ல" என்று எழுந்து போய் அழுதான்.

சேவ் பைலில் என்ன இருக்கிறது?

தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்தப் பைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் கேம் புரோகிராம் இல்லை. கடம்பனின் உருவப் படமோ குரலோ ஊர்களோ இல்லை. அவை எல்லாம் கேமை இன்ஸ்டால் செய்யும்போது ஹார்ட் டிஸ்க்கில் பதியப்படுபவை. சேவ் பைலில் இருப்பது, பெயர், முக அமைப்புக்கான எண்கள், திறமைகளின் அளவு, பையில் உள்ள பொருட்கள், நிற்கும் இடம், எந்தெந்தப் பணி எந்தக் கட்டத்தில் உள்ளது என்பன மட்டுமே. சுருக்கமாகச் சொன்னால் அவனுடைய நினைவுகள். கேம் புரோகிராம் அவனுக்கு உடல்.

எனவே புதிய கம்ப்யூட்டரில் அதே கேம் இருந்தால்தான் இந்தப் பைல் உயிர் பெறும். பழையதில் கூடுதலாகச் சேர்த்திருந்த பகுதிகள் புதியதில் இல்லை என்றால், வீரனின் பையில் இருந்த சில பொருட்கள் காணாமல் போகலாம். சில கேம்கள் பைலைத் திறக்கவே மறுக்கும்.

கட் செய்தால் பைல் நகர்கிறதா?

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். ஒரே டிரைவுக்குள், எடுத்துக்காட்டாக சி டிரைவில், ஒரு போல்டரிலிருந்து இன்னொரு போல்டருக்கு ஒரு பைலைக் கட் செய்து பேஸ்ட் செய்கிறீர்கள். ஒரு சினிமா அளவுக்குப் பெரிய பைல் என்றாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து விடுகிறது. காரணம், டிஸ்க்கில் பைல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "இந்தப் பைல் இந்தப் போல்டரில் உள்ளது" என்ற பதிவேட்டுக் குறிப்பு மட்டுமே மாற்றி எழுதப்படுகிறது.

அதே பைலைச் சி டிரைவிலிருந்து பென் டிரைவுக்குக் கட் செய்து பேஸ்ட் செய்தால் நேரம் ஆகிறது. ஏனெனில் இங்கே எதுவும் நகர்வதில்லை. விண்டோஸ் பைலைப் படித்துப் பென் டிரைவில் புதிதாக ஒன்றை எழுதுகிறது. எழுதி முடித்ததும் பழையதை நீக்குகிறது. நமக்கு நகர்ந்தது போலத் தோன்றுகிறது. இரண்டு சாதனங்களுக்கு இடையே உண்மையில் நடப்பது, காப்பி எடுப்பதும் பழையதை அழிப்பதும்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு பழைய பைலைப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். அந்தக் காப்பியின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் தேர்ந்தெடுங்கள். கிரியேட்டட் என்ற இடத்தில் இன்றைய தேதி இருக்கும். மாடிபைடு என்ற இடத்தில் பழைய தேதி இருக்கும். கடைசியாகத் திருத்திய பிறகு பிறந்த பைல்! உள்ளடக்கம் பழையது, பிறப்பு இன்று.

கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர்

இரண்டு உடல், ஒரு நினைவு என்ற சிக்கல் எங்கள் பகுதிக்குப் புதியது அல்ல. சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில்தான் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரிய புராணம் அரங்கேறியது. அதில் திருமூலரின் வரலாறு வருகிறது. வடக்கே இருந்து வந்த ஒரு யோகி, இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள திருவதிகையையும் தில்லையையும் வணங்கிவிட்டுக் காவிரிக் கரைக்குப் போகிறார். திருவாவடுதுறை அருகே சாத்தனூரைச் சேர்ந்த மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றிக் கதறுகின்றன. அவற்றின் துயரம் தாங்காமல் யோகி தன் உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். மாடுகள் மகிழ்கின்றன.

மாலையில் மூலனின் மனைவி அவரைத் தன் கணவன் என்று நினைத்து நெருங்குகிறாள். அவர் விலகி, தனக்கும் அவளுக்கும் உறவு இல்லை என்கிறார். ஊர்ப் பெரியவர்களும் வந்து பார்த்து, இவர் பழைய மூலன் இல்லை என்பதை உணர்கிறார்கள். மறுநாள் யோகி தன் பழைய உடலைத் தேடிப் போகிறார். அது அங்கே இல்லை. மூலனாகவே தங்கிவிடுகிறார். திருமந்திரம் பிறக்கிறது. நிலைத்த பெயரும் திருமூலர், அதாவது புகுந்த உடலின் பெயர்.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உடலைப் பார்த்து மனைவி ஏமாந்தாள். முகமும் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஆள் ஒன்றாகிவிடாது. இதைத்தான் என் தம்பி அரங்கத்தில் கண்டு பிடித்தான். இரண்டாவது, யோகி ஒருவர்தான். எந்த நேரத்திலும் ஒரே உடலில்தான் இருந்தார். கம்ப்யூட்டரால் இது முடியாது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கூடு விட்டுக் கூடு பாயும் கட்டளை எதுவும் இல்லை. காப்பி எடுக்கலாம், பழையதை அழிக்கலாம். அவ்வளவுதான்.

கேம்கள் இதை எப்படிக் கையாள்கின்றன?

மனித மனத்தையே ஒரு பைலாகக் காப்பி செய்ய முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்த கேம்கள் உண்டு. தாளும் பகடையும் கொண்டு மேஜையில் விளையாடும் ரோல் பிளேயிங் கேம்கள் இதற்கு விதிகளே எழுதியுள்ளன. 2009-இல் வெளியான "எக்லிப்ஸ் பேஸ்" கேமில் மனம் தனி, உடல் தனி. இறந்தவரைப் பேக்கப்பிலிருந்து வேறு உடலில் எழுப்பலாம். ஆனால் கடைசி பேக்கப்புக்கும் சாவுக்கும் இடைப்பட்ட காலம் அவருக்கு நினைவில் இருக்காது. அந்த இடைவெளி மனதைப் பாதிக்கிறதா என்று பகடை உருட்டிச் சோதிக்க வேண்டும். ஒரே மனத்தை இரண்டாகப் பிரித்து இரு இடங்களுக்கு அனுப்பி, பிறகு சேர்க்கவும் செய்யலாம். பிரிந்திருந்த காலம் அதிகமாக ஆக, சேர்ப்பது கடினமாகிக் கொண்டே போகும்.

2020-இல் வந்த "சைபர்பங்க் 2077" கேமில், ஒரு சிப்பில் பதிந்திருக்கும் இறந்த பாடகனின் மனம், கதாநாயகனின் மூளையைச் சிறிது சிறிதாக ஆக்கிரமிக்கும். ஒரு உடலுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டால் என்ன செய்வது என்பதே கதை.

இன்டர்நெட்டில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் இது நடைமுறைச் சிக்கலாகவும் வந்தது. 1996-இல் வந்த "டயாப்லோ" கேமில் வீரனின் பைல் ஆடுபவரின் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. சிலர் அதைத் திருத்தி, பொருட்களை இரட்டிப்பாக்கி ஏமாற்றினார்கள். 2000-இல் வந்த "டயாப்லோ 2" கேமில், நிறுவனத்தின் சர்வரிலேயே வீரனை வைக்கும் முறை வந்தது. நீங்கள் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் வீரன் ஒருவன்தான். ஏனெனில் அவன் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவதே இல்லை.

உண்மையான மனித மூளையின் நிலை என்ன? 2024-இல் பழ ஈ ஒன்றின் மூளையில் உள்ள ஏறத்தாழ 1,39,000 நரம்பு செல்களின் இணைப்புகளை விஞ்ஞானிகள் முழுமையாக வரைபடமாக்கினார்கள். மனித மூளையில் உள்ளவை சுமார் 8,600 கோடி. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையமும் 2024-இல் கருவில் உள்ள குழந்தையின் மூளையை ஆயிரக்கணக்கான நுண்ணிய சீவல்களாகப் படமெடுத்து வெளியிட்டது. இவை எல்லாம் மூளையின் வரைபடங்கள். வரைபடம் நினைக்காது. மனிதனுக்குச் சேவ் பைல் இதுவரை இல்லை.

வீரனைப் பத்திரமாக மாற்றும் வழி

இனி செயல்முறைக்கு வருவோம். கீழ்க்காணும் வரிசையில் செய்திடுங்கள்.

1. கேமை முழுவதுமாக மூடுங்கள். ஓடிக் கொண்டிருக்கும்போது காப்பி செய்தால் பாதி எழுதிய பைல் கிடைக்கலாம்.

2. சேவ் பைல் உள்ள போல்டரைக் கண்டு பிடியுங்கள். ஆப்ளிவியன் போன்ற கேம்கள் டாகுமெண்ட்ஸ் போல்டருக்குள் மை கேம்ஸ் என்ற போல்டரில் சேமிக்கின்றன. சில கேம்கள் சேவ்டு கேம்ஸ் போல்டரிலும், சில ஆப் டேட்டா என்ற மறைக்கப்பட்ட போல்டரிலும் வைக்கும். மறைந்த போல்டர்களைக் காண, பைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. போல்டர் முழுவதையும் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம். மவுஸால் இழுத்துப் போடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் பைல் இடம் மாறும். வேறு டிரைவுக்கு இழுத்தால் காப்பி ஆகும். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு இழுத்தால் எங்கும் காப்பிதான்.

4. இரண்டு போல்டர்களிலும் ப்ராப்பர்டீஸ் திறந்து, பைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக உள்ளனவா எனப் பாருங்கள். பிறகு பென் டிரைவை எஜெக்ட் கட்டளை கொடுத்து எடுங்கள்.

5. புதிய கம்ப்யூட்டரில் அதே கேமை, அதே கூடுதல் பகுதிகளுடன் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு முறை திறந்து மூடினால் சேவ் போல்டரைக் கேமே உருவாக்கிக் கொள்ளும். அங்கே பைல்களைப் பேஸ்ட் செய்யுங்கள்.

6. கேமில் திறந்து பாருங்கள். வீரனின் பை, திறமைகள், கடைசிப் பணி எல்லாம் சரியா எனச் சோதியுங்கள். இதன் பிறகே பழையதை அழிப்பதா வேண்டாமா என்று யோசியுங்கள்.

7. எந்தக் கம்ப்யூட்டரில் இனித் தொடரப் போகிறீர்கள் என்பதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நான் செய்யத் தவறியது இதுதான். மற்ற காப்பியின் போல்டர் பெயரில் தேதியைச் சேர்த்து வையுங்கள். அது பேக்கப். விளையாடுவதற்கு அல்ல.

கிளவுட் கேட்கும் கேள்வி

இன்று ஸ்டீம் போன்ற சேவைகள் பல கேம்களின் சேவ் பைல்களைத் தாமே இன்டர்நெட்டில் ஏற்றி, அடுத்த கம்ப்யூட்டரில் இறக்கித் தருகின்றன. ஆனாலும் நெட் இல்லாத நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரிலும் விளையாடியிருந்தால் ஒரு சிறிய விண்டோ தோன்றும். இந்தக் கம்ப்யூட்டரில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா, எதை வைத்துக் கொள்ள வேண்டும் என்று கேட்கும். அவசரத்தில் எதையாவது கிளிக் செய்து விடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத வீரனின் நாட்கள் அழிந்து விடும். முதலில் கேன்சல் செய்து, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள சேவ் போல்டரை வேறிடத்தில் காப்பி செய்து விட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

ஒன் டிரைவ் இதே நிலையில் வேறு மாதிரி நடந்து கொள்ளும். இரண்டு பைல்களையும் வைத்துக் கொண்டு, ஒன்றின் பெயருடன் கம்ப்யூட்டரின் பெயரைச் சேர்த்து விடும். அப்படி இரட்டைப் பெயருடன் ஒரு பைலைக் கண்டால் "தேவையற்றது" என்று அழித்து விடாதீர்கள். அதில் யாருடைய உழைப்போ இருக்கலாம்.

தம்பிக்கு என்ன பதில்?

இவ்வளவு ஆண்டுகள் சாப்ட்வேர் எழுதிய பிறகு தம்பியின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அவன் சொன்னதுதான் சரி. பென் டிரைவில் இருந்தவன் பொய்யான கடம்பன் இல்லை. அக்டோபர் 25 வரை அவனும் இவனும் ஒருவரே. ஆனால் அதன் பிறகு நடந்தவை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் எழுதப்பட்டன. பேக்கப் என்பது எடுத்த நாள் வரைக்கும்தான். அடுத்த நாளிலிருந்து அது வேறு ஒருவனுடைய பைல். நாம் காப்பாற்றுவது பைலை மட்டும் அல்ல, கடைசி பேக்கப்புக்குப் பிறகு செலவழித்த நாட்களையும்தான். அதனால்தான் பேக்கப் எடுத்தாயிற்று என்று ஒரு முறையோடு நிறுத்தி விடக் கூடாது. மாதம் ஒரு முறை எடுத்தால் ஒரு மாத வாழ்க்கையை இழக்கத் தயார் என்று பொருள். வாரம் ஒரு முறை என்றால் ஒரு வாரம்.

தம்பி அந்தக் கடம்பனை மீண்டும் தொடவில்லை. புதிய பெயரில், சிறை அறையில் தொடங்கும் முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனே பேக்கப் எடுத்தான். கம்ப்யூட்டர் மேஜைக்கு மேல், தண்ணீர் எட்டாத பரணில் அந்தப் பென் டிரைவை வைத்தான்.

நீங்களும் இன்று கம்ப்யூட்டரை நிறுத்தும் முன் ஒன்று செய்திடுங்கள். உங்களுக்கு முக்கியமான போல்டர் எதுவோ, அதன் கடைசி பேக்கப் எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை நாட்கள் ஓடியுள்ளன என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாட்களை இழக்க மனம் வரவில்லை என்றால், பென் டிரைவை எடுங்கள்.